சித்தி கேட்டது ஒரு கை கவிழ்தும்பை

வேதியியல் வகுப்பில் இருந்தபோது தலைமையாசிரியை அறைக்கு அழைத்தார்கள். தொலைபேசியில் அம்மா. "பாப்பா, சித்தி போயிட்டாக. கிளம்பி வா" என்றார். 

என் அம்மாவின் தங்கை செல்வராணி அவர்கள் பழனிசெட்டிபட்டியில் சித்தப்பாவோடு உரக்கடை நடத்தினார்கள். கடைக்கு வந்தவர்களுக்கு அவர்களைத் தெரியும். வராதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள தங்கள் மானாவாரிக் காட்டுக்கு என்னை அழைத்துப் போனார்கள். மழை பொய்த்த வருடம். சோளம் கருகிக் கிடந்தது. கவிழ்தும்பை மட்டும் பூத்திருந்தது. வெளிறிய நீலப் பூ, எப்போதும் தரையைப் பார்த்தே தொங்கும். சித்தி புடவையோடு மண்ணில் மல்லாந்து படுத்து, பூவுக்கு அடியில் முகத்தைக் கொண்டுபோனார்கள். ஆடு மேய்த்தவர் பதறி ஓடி வந்தார்.

"என்னாத்தா, மயக்கமா?"

"இல்லண்ணே, பூவோட மூஞ்சியப் பாக்குறேன்."

"என் ஆடே மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போகுது. நீ படுத்துப் பாக்குறியாக்கும்."

சித்தி எழுந்திருக்காமலே சிரித்தார்கள்.

ஆனால் களைக்கொல்லி விற்பதுதான் அவர்கள் தொழில். ஒருநாள் ஒரு விவசாயி வேரோடு பிடுங்கிய கவிழ்தும்பையைக் கடை மேசையில் போட்டு மருந்து கேட்டார்.

"இத கையிலதாண்ணே பிடுங்கணும்."

"பின்னால அம்புட்டு டப்பா அடுக்கியிருக்கே?"

"அதெல்லாம் வேற களைக்கு."

அவர் போனதும் சித்தப்பா, "கடையக் கெடுக்கவே வந்தவ" என்று கடிந்துகொண்டார். "ஒரு செடியாவது பொழச்சுப் போகட்டுமே" என்றார்கள் சித்தி.

சிறுநீரகம் கெட்டு மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதங்களில் ஒரே ஒரு ஆசைதான் சொன்னார்கள். "ரோஜா மாலையாப் போட்டு என்னைய மூடிராதீக. அந்தப் பூவுல ஒரு கை வைங்க, போதும்." சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் சரி என்றேன்.

சித்தி போன அன்று பள்ளியிலிருந்து வந்ததும் காட்டுக்குச் சைக்கிளை விட்டேன். பாடை எடுப்பதற்குள் திரும்பியாக வேண்டும். ஒரு கைப்பிடி பறித்து, மறுகையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எதிர்காற்றில் மிதித்தேன். சித்தி வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் கையில் சுணை நிறைந்த தண்டுகள்தான் இருந்தன. கவிழ்தும்பைப் பூ பறித்தால் தண்டில் நிற்காது, உதிர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியவில்லை.

"ஏத்தா, எழவு வீட்டுக்குக் களையையா கொண்டாருவ?" என்றார் ஓர் உறவுக்காரப் பெண்.  சித்தப்பா வந்து தண்டுகளை வாங்கிக்கொண்டார். சித்தியின் மேல் கிடந்த மாலைகளில் ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவற்றை வைத்தார்.

"பூவக் காணோம் சித்தப்பா" என்றேன்.

"நீ போனேல்ல" என்றார். 

எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அங்கே நின்று பார்த்தேன். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த சித்தப்பா திடீரென்று நின்றார். ரோஜா இதழ்களைத் தூவிக்கொண்டு போனவரிடம், "தூவாத. கெடக்குதுல்ல" என்றார்.

சுடுகாட்டுக்குப் போவதும் காட்டிலிருந்து நான் சைக்கிளில் வந்த சாலைதான். வழியெல்லாம் தாரின் ஓரமாகச் சின்னச் சின்ன நீலப் பூக்கள் கிடந்தன. அதற்குப் பிறகு யாரும் எதையும் தூவவில்லை. அவற்றை ஒட்டியே சித்தியைக் கொண்டுபோனார்கள்.

நீங்கள் கேட்ட ஒரு கைப் பூ அதுதான் சித்தி. போய் வாருங்கள்.