துருசடியில் எண்ணிய கைகள்

நான் முதன்முதலில் வாக்களித்தது எட்டு வயதில். கள்ள வாக்கல்ல, நீர்ப்பாசன ஓவசியரே எண்ணினார்.

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் குடியேற்றத்தில், குளத்து மதகான துருசை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்பதைக் கூட்டம் கூடித்தான் முடிவு செய்வார்கள். காணிப் பெர்மிட் உள்ள வீட்டுக்கு ஒரு கை. அந்த மாசியில் என்னைப் பெற்ற ஐயா காய்ச்சலில் கிடந்தார். பெண்கள் கூட்டத்துக்குப் போவதில்லை. ஆகவே எங்கள் வீட்டின் கையாக, மாமாவோடு நான் துருசடிக் கூட்டத்துக்குப் போனேன்.

"பூட்டுறதுக்கு ஆர் சம்மதம் எண்டு கேட்பினம். அப்ப தூக்கு. மற்ற நேரம் கையையும் வாயையும் பொத்திக்கொண்டிரு," என்று சொல்லித்தான் ஐயா அனுப்பினார்.

எங்கள் நெல் முற்றிவிட்டது; வயல் காய்ந்தால்தான் அறுக்கலாம். ஆனால் வாய்க்காலின் கடைசியில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி விதைத்திருந்தன. தண்ணீர் அங்கே கடைசியாகத்தான் போகும், விதைப்பும் பிந்தியிருந்தது. இன்னும் ஒரு நனைப்பு இல்லாவிட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது பதர்தான்.

"இப்பவே துருசைப் பூட்ட ஆர் சம்மதம்?" என்றார் ஓவசியர். கைகள் எழும்பின, என்னுடையதும்.

"பொறுத்துப் பூட்ட?"

பின்னால் ஒரே ஒரு கை. கடைசி வயல் அண்ணையுடையது. ஓவசியர் அந்தப் பக்கம் பார்க்காமலே, "ஒருத்தரும் இல்லை," என்றார்.

எனக்குப் பெரிய புழுகம், சந்தோசம் தாங்கவில்லை. கணக்குப் பிழைத்து வாத்தியாரிடம் அடி வாங்குகிறவன் நான். இங்கே பெரிய மனிதருக்கே பிழைக்கிறது!

"ஐயா, ஒண்டை விட்டிட்டியள்! அந்தா, அந்த அண்ணையின்ரை கை!"

மாமா தலையில் குட்டினார். "சும்மா இரடா. தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லை, பெர்மிட்டும் இல்லை. அது எண்ணுற கை இல்லை."

"என்ரை கையை விடப் பெரிசு, மாமா."

சனம் சிரித்தது. அண்ணை கையை இறக்கவில்லை.

"நான் பொறந்தது இந்த நாட்டுலதாங்க. எங்கப்பாவும் இங்கதாங்க பொறந்தாரு."

"அதை என்னட்டைச் சொல்லி என்ன? சட்டம் கொழும்பிலை செய்தது," என்று ஓவசியர் எழும்பினார்.

இனித் துருசைப் பூட்ட வேண்டும். அதன் இரும்புத் திருகு துருவேறி இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு போகமும் அதைத் திருப்பக் கூப்பிடுவது அந்த அண்ணையைத்தான், அவ்வளவு பலசாலி. மாமா வழக்கம்போல, "இஞ்சை வா, ஒருக்காப் பிடி," என்றார்.

அண்ணை மண்வெட்டியைத் தோளில் தூக்கி வைத்தார். "எண்ணுன கை இத்தனை இருக்குதுங்களே, அதுங்க திருப்பட்டும்." வரம்பால் இறங்கி நடந்துவிட்டார்.

எண்ணின கைகள் எல்லாம் ஒன்றாய்ப் பிடித்தன. மாமா திருகில் தொங்கியே பார்த்தார். நானும் எண்ணப்பட்டவன் அல்லவா, கால்களுக்கிடையில் புகுந்து தள்ளினேன். திருகு அசையவில்லை. பரந்தனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பூட்டும்வரை தண்ணீர் கடைசி வயல்வரை போய்க்கொண்டே இருந்தது.

மறுநாள் அண்ணையை வாய்க்காலடியில் கண்டேன். "என்னண்ணை, உங்களுக்குப் பலமில்லாமப் போச்சோ?"

அவர் மண்வெட்டியால் சேற்றை இழுத்தபடியே சொன்னார். "ஆமா தம்பி. நேத்துலேருந்துதான்."

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. வீட்டுக்கு ஓடி, அடைகோழியின் கீழே கைவிட்டுக் கொத்து வாங்கி, ஒரு முட்டை எடுத்துவந்து நீட்டினேன். "பச்சையாக் குடியுங்கோ. பலம் வரும்."

அண்ணை மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அதை வாங்கினார்.