அட்டை ரசிகர்களின் நடுவே ஒரு குரல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். நடந்தது நடந்ததுதான். நேரத்தைக்கூட நிமிடம் பிசகாமல் சொல்வேன். அன்று கைக்கடிகாரமும் ஸ்டாப்வாட்சும் என் கையில்தான் இருந்தன.

1934, ஹாலிவுட். பத்திரிகையில் வந்த சித்திரத் தொடர் ஒன்றைக் குத்துச்சண்டைச் சிரிப்புப் படமாக எடுத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு டேக்குக்கும் நேரம் குறிப்பது என் வேலை. கதாநாயகனுக்குப் பதிலாக அடி வாங்கி விழுவது என் தம்பி கிளெட்டின் வேலை. பொய் அடிதான். ஆனால் அவன் நிஜ மேடைகளில் நிறைய வாங்கியவன். தலை இன்னொரு அதிர்ச்சியைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அவனுக்கு வேலை போய்விடும்.

அன்றைய காட்சியில் நடுவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். விழுந்தவன் எழுந்தாக வேண்டிய அந்தப் பத்து எண்ணிக்கையை விரலைக் காட்டியே எண்ணுவார். அதுதான் சிரிப்பு. ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. முன்வரிசையில் மட்டும் ஆட்கள். பின்னால் அத்தனையும் அட்டையில் வெட்டி நிறுத்திய ரசிகர்கள்.

மதியம் 2:10. முதல் டேக். கிளெட் விழுந்தான்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

அட்டைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. தணிந்த குரல்.

ஒலிப்பதிவாளர் ஆக்டனைப் பார்த்தேன். காதில் ஹெட்போன். கட்டைவிரலை உயர்த்தினார். சத்தம் எதுவும் இல்லையாம்.

2:31. இரண்டாவது டேக். அதே குரல். இம்முறை நான்கில் தொடங்கியது. ஆறில் நின்றது.

கிளெட் என்னிடம் வந்தான்.

“ஏய் வில்மா, பின்னால எவன் எண்ணுறான்?”

“உனக்கும் கேட்டுதா?”

“கெட்டுப்போனது தலைதானே, காது இல்லையே.” சிரித்தான்.

“வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

“போனா நாளைக்கு உள்ள விடுவானா? இன்னும் ஒரே தடவை.”

2:52. மூன்றாவது டேக்.

“ஏழு...”

அட்டை முகங்கள் எல்லாம் மேடையைப் பார்த்தன. ஒன்று மட்டும் என்னைப் பார்த்தது.

“எட்டு...”

கிளெட் அசையவில்லை.

“ஒன்பது...”

“நிறுத்துங்க!”

டைரக்டர் ஹாஸ்கெல் நாற்காலியை உதைத்தார். “நிறுத்தச் சொல்றது நீயா, நானா?”

“அவனுக்குத் தலையில கோளாறு சார். டாக்டரே சொல்லியிருக்கார்.”

“உனக்கும்தான். ரெண்டு பேரும் வெளிய போங்க!”

3:05க்கு அவனை எழுப்பித் தாங்கிப் பிடித்தபடி வெளியே வந்தேன். டிராம் ஏறியதும் கிளெட் என் பக்கம் திரும்பினான்.

“கெடுத்துட்டியே. எந்திரிச்சிருப்பேன்.”

அவனுக்குப் பதில் ஆரின் என்பவனை இறக்கினார்களாம். கல் மாதிரி உடம்பு. 3:20க்கு விழுந்தான். எதிராளியின் கையுறை அவன்மேல் படவே இல்லை.

அவன் எழவே இல்லை.

ஒரு வாரம் கழித்து ஆக்டன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“கிளெட் விழுந்த மூணு டேக்கையும் கேட்டேன். ‘நிறுத்துங்க’ன்னு நீ கத்தினதுக்கு முன்னால ஒரு குரலும் இல்ல.”

“ஆரின் விழுந்தது?”

“ஒரு வார்த்தை இருக்கு. ‘பத்து’ன்னு.”

“யார் குரல்?”

என்னையே பார்த்தார்...

“உன் குரல், வில்மா.”

3:20க்கு நான் டிராமில் இருந்தேன். தம்பியின் கையைப் பிடித்திருந்தேன்.

வாய் திறக்கவே இல்லை.