சுகிர்தம் ஊற்றிய சாயத்தண்ணி

இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மருத்துவிச்சி சுகிர்தத்தின் கை படாமல் பிறந்த பிள்ளை அபூர்வம். தலைவலியோ வயிற்றுவலியோ, பெண்கள் முதலில் அவளிடம்தான் வருவார்கள். எழுபத்தொன்பதில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பவுலின் மிஸ்ஸி வந்தாள். அன்றோடு போயிற்று சுகிர்தத்தின் நிம்மதி.

பவுலின் நகரத்தில் சிறுநீர் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய நர்ஸ். கொழுந்து மலையில் ஒதுங்க இடமில்லாமல் அடக்கி அடக்கியே பழகிய பெண்கள் பலருக்கு அடிவயிற்றில் வருடக்கணக்காக வலி. சோதித்தால் கிருமி இருக்காது. எல்லாம் மனப்பிராந்தி என்று சொல்லித்தான் இதுவரை அனுப்பியிருந்தார்கள். பவுலின் மட்டும் வலி நிஜம் என்றாள். புதன்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் பொறுமையாக விசாரித்தாள். வெந்நீர் ஒத்தடம் சொல்லிக்கொடுத்தாள். வேலைக்கு நடுவில் பெண்களை ஒதுங்க விடச் சொல்லி, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் மல்லுக்கு நின்றாள். பால் கலக்காத சாயத்தண்ணி வலியைக் கிளப்பும், கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள் என்றும் சொன்னாள்.

தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணி ஆகாதாம் என்று சுகிர்தம் தொழிலாளர் வரிசைவீடுகளில் லயம் லயமாகப் போய்ச் சொல்லிச் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆளில்லை. பிள்ளைகள் அத்தனை பேரையும் அவள் கையில் பெற்ற வேலாயிகூடப் புதன்கிழமை வரிசையில் போய் நின்றாள். சுகிர்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் அதே வலி அவளுக்கும் உண்டு. தோட்டத்துக்கே வைத்தியம் சொல்கிறவள் அதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலாயியை வீட்டுக்கு அழைத்து, கடுஞ்சாயமாக ஊற்றிக் கொடுத்தாள். ஒன்றும் ஆகாது என்று காட்டிவிட்டால் பவுலினின் கொட்டம் அடங்கிவிடும். முகத்தை முறிக்க முடியாமல் வேலாயி குடித்தாள். சுகிர்தமும் வீம்புக்கு இரண்டு கோப்பை குடித்துவைத்தாள்.

மறுநாள் வேலாயி வேலைக்குப் போகவில்லை, சுருண்டு கிடந்தாள். சுகிர்தமும்தான். வேலாயியைப் பார்த்துவிட்டுப் பவுலின் நேரே சுகிர்தத்தின் வீட்டுக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று சுகிர்தம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளோ வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழம கோயில்ல எப்பவும் வாசலோரமாத்தான் உக்கார்றீங்க. பூசை முடியிறதுக்குள்ள ரெண்டு தடவ எந்திரிச்சுப் போறீங்க. எத்தன வருஷமாக்கா இந்த வலி?"

"சின்னவன் பொறந்ததுல இருந்து" என்றாள் சுகிர்தம். இவளுக்கு இதுவும் தெரிந்துவிட்டதே என்பதுதான் வலியைவிட அதிகமாக எரிந்தது.

ஆனாலும் புதன்கிழமை போனாள். வேலாயி முதலில் உள்ளே போக, கதவு சாத்திக்கொண்டது. பேச்சும் சிரிப்பும் கேட்டபடியே இருந்தன. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்த சுகிர்தத்துக்குப் பொறுக்கவில்லை. அவளோடு மட்டும் அப்படி என்ன இவ்வளவு நேரம் பேச்சு இந்த மிஸ்ஸிக்கு?