செலீனா சத்தம் போடாத பத்து நாள்

மூன்றாவது ‘வாங்கோ’வுக்குத்தான் செலீனா மூச்சை முழுதாக இழுப்பாள். முதல் இரண்டும் தொண்டையைச் சரிபார்க்க. தலைமன்னார் பியர் கரையில் விடிந்து படகுகள் ஒதுங்கியதும், வெறுந்தேத்தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டு, தோளில் கிடக்கும் துவாயை இடுப்பில் இறுக்கிக் கட்டி, மீன் குவியலின் முன்னால் காலை அகட்டி நிற்பாள். “வாங்கோ... வாங்கோ... வாங்கோவ்!” அந்தக் கடைசிச் சத்தத்துக்குப் புகையிரத நிலையத்தடியில் மேயும் கழுதைகள்கூடத் தலை தூக்கும். வியாபாரிகள் கையிலுள்ள பீடியைப் போட்டு மிதித்துவிட்டு வருவார்கள். அவர்கள் எல்லாருக்கும் முந்திச் சூடை வந்து நிற்கும்.

சூடை என்பது பூனை. குட்டியாக இருந்தபோது தன் உடம்பில் பாதி நீளமான சூடை மீன் ஒன்றைக் களவெடுத்துக்கொண்டு ஓடியதால் வந்த பெயர். குவியலில் செலீனா தொடும் முதல் மீன் அதற்குத்தான். அதைக் கொடுக்காமல் அவள் கூறத் தொடங்கமாட்டாள். மீன் கூறுவது, அதாவது கரையில் நின்று ஏலம் விடுவது, அவளுடைய தொழில். கணவர் பேதுருவின் படகோடு சேர்த்து பத்துப் பன்னிரண்டு படகுகளின் மீன் அவள் வாயால்தான் விலைப்படுகிறது. மற்றப் படகுகளுக்குக் கரையின் அந்தப் பக்கத்தில் யாகப்பர் கூறுகிறார். அவருக்குச் செலீனாவின் படகுகள் மேல் எப்போதும் ஒரு கண்.

அந்தக் குரலால் அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மார் அவளை வாசல் பக்கம் இருத்தினார்கள். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தவளை, “நீங்கள் கீழ இருந்து பாடுங்கோ, எல்லாருக்கும் கேக்கும்” என்று பாதர் பக்குவமாக இறக்கிவிட்டார். மன்னார் நகரில் கந்தோர் வேலை பார்க்கும் மகள் டினோஜா, பஸ்ஸில் ஏறினாலே, “அம்மா, மெதுவாக் கதையுங்கோ, சனம் பாக்குது” என்று கையைக் கிள்ளுவாள். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அந்தக் குரலைக் கேட்டு அவளை நோக்கி ஓடி வந்த ஒரே சீவன் சூடைதான். இதைச் செலீனா யாரிடமும் சொன்னதில்லை.

சூடை நாலு தரம் குட்டி போட்டது. முதல் தரம் வலைக் குவியலுக்குள். அடுத்தது ஐஸ் பெட்டிக்குள். மூன்றாவது, நத்தாருக்கு முந்தின கிழமை கோயிலில் கட்டிய பாலன் குடிலின் வைக்கோலுக்குள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஐந்து குட்டி கிடப்பதைக் கண்ட பாதர் சிரித்துவிட்டார், கோயிலைக் கூட்டித் துடைக்கும் சங்கிலித்தாமார் சிரிக்கவில்லை. நாலாவது பேதுருவின் மழைச் சட்டைக்குள். “இனிக் காணும் அம்மா, பாவம் அது” என்று டினோஜாதான் மன்னாருக்குக் கூட்டிப்போய்க் கருப்பையை எடுப்பித்தாள்.

மிருக வைத்தியர் லக்சிகா வயதில் சின்னப் பிள்ளை, ஆனால் கண்டிப்பானவர். வயிற்றில் மயிர் வழித்த இடத்தையும் கட்டைவிரல் நீளத் தையலையும் காட்டிச் சொன்னார்: “பத்து நாளைக்கு ஓட விடாதேங்கோ, பாய விடாதேங்கோ, நக்க விடாதேங்கோ. குளிப்பாட்டக் கூடாது. மஞ்சள், எண்ணெய் ஒண்டும் பூசாதேங்கோ. காலமையும் பின்னேரமும் காயத்தைப் பாருங்கோ. சிவந்தாலோ வீங்கினாலோ உடன எனக்குப் போன் எடுங்கோ.” மல சலத்துக்கு மணல் வைக்காமல் கிழித்த பேப்பர் போடச் சொன்னார், மணல் காயத்தில் ஒட்டுமாம். காலடி முழுக்க மணலான ஊரில் பேப்பருக்கு எங்கே போவது என்று செலீனா கேட்டது வீதி வரை கேட்டது.

காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்பு பஸ்ஸிலேயே வெடித்துப் போனது. வீட்டுக்கு வந்த செலீனா அலுமாரியைத் திறந்து, மூன்று வருசத்துக்கு முன் பேதுரு இருமியபோது பிடித்த எக்ஸ்ரே படத்தை எடுத்து, வட்டமாக வெட்டி, விளிம்புக்குத் துணி வைத்துத் தைத்துக் கழுத்தில் மாட்டினாள். சூடை பேதுருவின் விலா எலும்புகளுக்குள்ளிருந்து உலகத்தைப் பார்த்தது. “என்ர நெஞ்சைக் கொண்டுபோய்ப் பூனைக்குப் போட்டிட்டாள்” என்று அவர் கண்ட கண்டவரிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த நாள் காலை பூனையை உள்ளே விட்டு அறைக் கதவைச் சாத்திவிட்டு, கூப்பிடு தூரத்திலிருந்த கரைக்குப் போனாள். வழக்கம்போல் மூன்றாவது ‘வாங்கோ’வும் போனது. முதல் பெட்டி விலைப்படுமுன் பக்கத்து வீட்டு ஜெனுஷா கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். “மாமி, உங்கட சூடை யன்னல் கம்பியில தொங்குது!”

செலீனா துவாயை எறிந்துவிட்டு ஓடினாள். பூனை கட்டிலிலிருந்து யன்னலுக்கும் யன்னலிலிருந்து அலுமாரிக்கும் பாய்ந்து, கூம்பு கோணிக் கிடந்தது. தையலின் ஒரு முனை சிவந்து, ஒரு சொட்டு நீர் கசிந்திருந்தது. ஜெனுஷா கைபேசியில் படம் எடுத்து அனுப்ப, வைத்தியர் உடனே அழைத்தார். “தையல் விடேல்லை. ஆனா இன்னும் ரெண்டு தரம் இப்பிடிப் பாய்ஞ்சா விட்டிடும். விட்டா திரும்ப மயக்கித்தான் தைக்கவேணும், அது நல்லதில்லை. இனிப் புதுசாப் பத்து நாள் எண்ணுங்கோ. ஏன் இப்பிடிப் பாய்ஞ்சது?”

“என்ர சத்தத்துக்கு,” என்றாள் செலீனா. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை மெதுவாகச் சொன்னாள்.

அன்று பின்னேரம் யன்னலுக்குச் சாக்கு கட்டிப் பார்த்தாள், பெட்டியில் வைத்து மூடியும் பார்த்தாள். மீன் பெட்டியை எண்ணிக்கொண்டு தன்னை மறந்து ஒரு தரம் குரல் எடுத்தாள், உள்ளே பூனை பெட்டியோடு உருண்டது. டினோஜா இருக்கும் வாடகை அறையில் பூனைக்கு இடமில்லை. பத்து நாள் வேலையை யாகப்பரிடம் கொடுக்கலாம், ஆனால் யாகப்பரிடம் போன படகு திரும்பி வந்த சரித்திரம் அந்தக் கரையில் இல்லை. பூனையும் வேண்டும், படகுகளும் வேண்டும் என்றால் ஒரு வழிதான் இருந்தது.

மறுநாள் செலீனா வாயைத் திறக்காமல் மீன் கூறினாள்.

வியாபாரிகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு வட்டமாக நிறுத்தினாள். மீனைத் தூக்கிச் செவுளைப் பிரித்துக் காட்டினாள். விலையை ஏற்றுகிறவன் விரலைக் காட்ட வேண்டும், முடிந்ததும் அவள் துவாயால் தொடையில் ஒரு தட்டு. எருக்கலம்பிட்டியிலிருந்து வரும் முபீனுக்கு மூச்சு முட்டியது. “என்னக்கா இது, மையத்து வீட்டுக்கு வந்த மாதிரிக் கிடக்கு?” அவனோடு வரும் பவ்ஸான், “அக்காக்கு வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?” என்றான். காரணம் தெரிந்ததும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு அவர்களும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

பேதுரு வீட்டில் சந்தோசமாக இருந்தார். “இந்தப் பூனைக்கு மாதம் ஒருக்கா ஒப்பரேசன் செய்யலாம்.” இதற்குச் சொல்ல வேண்டிய பதில் செலீனாவின் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது. யாகப்பரோ கரை முழுக்கக் கேட்கும்படி, “செலீனா இந்த வருசம் தவக்காலத்தை முந்தியே பிடிக்கிறா” என்றார். அதற்கான வசவும் வயிற்றுக்குள்ளேயே போனது. நாலாம் நாள் இரண்டு படகுகள் அவரிடம் போய்விட்டன. அன்று அவள் சோறு தின்னவில்லை.

ஆனால் பின்னேரங்களில் வேறொன்று நடந்தது. மருந்து கொடுத்து, பூனையை மடியில் மல்லாத்தி, காயத்தைப் பார்க்கும்போது அவள் அதனோடு கதைக்கத் தொடங்கினாள். “நோகுதோடி? இந்தா, முடிஞ்சுது. வடிவாக் காயுது பார்.” தன் வாயிலிருந்து இப்படியொரு குரல் வரும் என்று அவளே நினைத்ததில்லை. கூம்புக்குள்ளிருந்து சூடை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். சில நேரம் அப்படியே தூங்கிவிடும். எக்ஸ்ரே விளிம்பு கையை அறுத்தாலும் அவள் அசையமாட்டாள்.

ஏழாம் நாள் பேதுரு ஆளுயரத்துக்குக் கிட்ட ஒரு அறுக்குளா மீனோடு வந்தார். கரையே கூடிவிட்டது. யாகப்பர் மெல்ல நெருங்கினார். “தங்கச்சி, வாயைத் திறக்கேலாட்டி என்னட்டத் தாங்கோ. இப்பிடி மீனைச் சத்தமில்லாம வித்தா மீனுக்கே வெக்கம்.” பேதுருகூட அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தவள் வீட்டுப் பக்கம் பார்த்து மூடிக்கொண்டாள். செலீனா குனிந்து அறுக்குளாவை இரண்டு கையாலும் அள்ளி, கைக்குழந்தையைக் காட்டுவது போல் ஒவ்வொரு வியாபாரியின் முகத்துக்கு நேரேயும் கொண்டுபோனாள். மீனின் மறைவில் ஒருவன் எத்தனை விரலைக் காட்டினான் என்று மற்றவனுக்குத் தெரியவில்லை, போதாது என்று உயரும் அவளுடைய புருவம் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் புருவத்துக்குப் பயந்தே முபீன் தன் கணக்குக்கு மேலே ஏறினான். துவாய் தொடையில் விழுந்தபோது யாகப்பர் அங்கே இல்லை.

பத்தாம் நாள் லக்சிகா தையலைப் பிரித்தார். மெல்லிய இளஞ்சிவப்புக் கோடுதான் மிச்சம். “நல்ல வடிவாப் பாத்திருக்கிறீங்கள். என்ன செய்தனீங்கள்?” செலீனா பூனையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தாள். கூட வந்திருந்த டினோஜா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில், “அம்மா, ஏன் ஒண்டும் கதைக்காம வாறீங்கள், எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு” என்றாள்.

மறுநாள் விடிய, வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கரைக்கு வந்தாள். தேத்தண்ணீரில் ஒரு மிடறு. துவாயை இறுக்கினாள். பவ்ஸான் முன்கூட்டியே இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். “வாங்கோ... வாங்கோ...” பத்து நாளாக அடைத்துக் கிடந்ததெல்லாம் மூன்றாவதில் ஏறியது. கழுதைகள் தலை தூக்கின. அந்தப் பக்கத்தில் யாகப்பர் தன் ஏலத்தை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார், அவரிடம் போன இரண்டு படகுக்காரரும் பார்த்தார்கள்.

சூடை ஓடி வந்தது. கூம்பில்லாமல், வால் நேரே நிற்க, மணலை வாரி எறிந்துகொண்டு வந்து அவள் காலடியில் நின்றது. செலீனா முதல் மீனை வைத்தாள். “அக்கா, தொடங்குங்கோ, நான் கேக்கிறன்” என்று முபீன் விலை சொன்னான், பவ்ஸான் அதற்கு மேலே சொன்னான், பின்னால் நின்ற இன்னொருவன் கத்தினான். செலீனா மணலில் முழங்காலிட்டு, மீன் வாயிலிருக்கவே பூனையின் வயிற்றை ஒரு கையால் மெல்லத் தூக்கி, அந்தக் கோட்டை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கத்திக்கொண்டிருந்த வியாபாரிகளைப் பார்த்து, ஆட்காட்டி விரலைத் தன் உதட்டில் வைத்தாள்.