யார் வீட்டுக் கோலம்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பொங்கலன்று சிடாம் கிரி பக்கம் எங்கள் தாமானில், அதாவது நாங்கள் இருக்கும் குடியிருப்பில், நடந்தது இது. பொங்கலுக்கு வீட்டு வாசலில் போடும் கோலத்துக்குப் போட்டி வைப்போம். அதற்கு முந்தைய ஆண்டு, போட்டி நடத்தும் தாமான் சங்கத் தலைவரின் கொழுந்தியாளுக்கு முதல் பரிசு போய்விட்டது. அவ்வளவுதான்! "எல்லாம் சொந்தக்காரங்களுக்குத்தான் லா" என்று அந்தக் கொழுந்தியாளின் எதிர்வீட்டு அக்கா பரிசு கொடுத்த மண்டபத்திலேயே சண்டை பிடித்துவிட்டார். பரிசு வாங்கியவர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்.

ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய நான் சும்மா இருப்பேனா? மறு ஆண்டு ஒரு யோசனை சொன்னேன். வீடு வீடாகப் போய்க் கோலங்களைப் படமெடுத்து, வீட்டுக்காரர் பெயரில் சேமித்தேன். பிறகு ஒரு மென்பொருளில் போட்டு, எல்லா ஃபைல்களுக்கும் ஒரே தட்டில் கன்னாபின்னாவென்று எழுத்தும் எண்ணுமாகப் பெயரை மாற்றி, அலோர் ஸ்டார் நகரில் இருந்த நடுவருக்கு அனுப்பினேன். யார் கோலம் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

மாலையில் முடிவு வந்தது. அவர் சொன்ன ஃபைலைத் திறந்தேன். அருமையான மயில் கோலம். யாருடையது? அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய பெயரோடு ஒரு நகல்கூட நான் வைத்திருக்கவில்லை. கேமரா கார்டையும் துடைத்துவிட்டேன். படத்தில் தெரிந்ததோ வெறும் சிமெண்ட் தரை. எல்லா வீட்டு வாசலும் அப்படித்தான். மதியம் பெய்த மழையில் கோலங்களும் கரைந்துபோயிருந்தன.

வேறு வழியில்லாமல் மண்டபத்தில் படத்தைத் திரையில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். ஒரே சிரிப்பு. "அலாமாக், நல்ல ஆளைப் புடிச்சீங்க!" என்றது ஒரு குரல். ஆனால், என் கோலம் என்று ஒருவரும் கை தூக்கவில்லை.

அந்த எதிர்வீட்டு அக்கா எழுந்தார். இன்றைக்குத் தொலைந்தேன் என்று நினைத்தேன். அவரோ தலைவரின் கொழுந்தியாளைப் பெயர் சொல்லிக் கைகாட்டினார்.

"அது அவளோடதுதான்! காலையிலேருந்து வயித்தெரிச்சலோட பாத்துகிட்டே இருந்தேன், எனக்குத் தெரியாதா? ஏய், போ லா, போய் வாங்கு!"

"மறுபடியும் பேச்சு வந்துடுமோன்னுதான் க்கா பயந்துட்டேன்" என்றார் அவர், சிரிப்பும் அழுகையுமாக. மண்டபமே கைதட்டியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பெயர் தெரிந்தால் மனிதர்கள் ஓரவஞ்சனை செய்வார்கள் என்றுதான் அத்தனை பெயரையும் அழித்தேன். தனக்குப் பிடிக்காதவரின் பெயரை ஊரறியச் சொன்ன அந்த அக்காவை நினைத்தால், இன்றும் எனக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கூடுகிறது.