சுவர் இல்லாத கதவு

என் வீட்டுக்காரருக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. காலைத்தான் பார்க்கத் தெரியும். பெரிய ஓட்டலின் முன்வாசலில் கதவு திறந்துவிடும் வேலை, பத்தொன்பது வருடமாக. "மூஞ்சிய நிமிர்ந்து பார்க்கிறதுக்குள்ள ஆளு உள்ள போயிடுவாரு. செருப்பைப் பார்த்தா போதும், எவ்வளவு குனியணும்னு முதுகுக்கே தெரிஞ்சிடும்" என்பார். இதில் அவருக்குப் பெருமை வேறு.

பெட்டி தூக்கத்தான் சேர்ந்தார். ஆறடி உயரம் மேலாளர் கண்ணில் பட்டு, தொப்பியும் வெள்ளைக் கையுறையும் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பித்தளைக் கைப்பிடியைத் துடைப்பது அவர் வேலையே இல்லை, ஆனாலும் துடைப்பார். மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனால் அங்கேயும் பழக்கதோஷம். கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முன்பின் தெரியாத பத்துப் பேர் நன்றி சொல்லாமல் வெளியே போவார்கள். நான் உள்ளே மாத்திரையும் கையுமாகத் தலையில் அடித்துக்கொள்வேன்.

நான் அதே ஓட்டலில் சலவைப் பிரிவு. கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது, நாள் முழுக்க நீராவி. இருவரும் ஒரே பேருந்தில் வந்து இறங்கி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, ஒரே பின்வாசலில்தான் நுழைவோம். காவலாளி இருவர் பையையும் கிளறிப் பார்ப்பார். உடுப்பு மாட்டிய பிறகுதான் இவர் முன்வாசல்காரர். அதைக் கழற்றிவிட்டால் மறுபடி குப்பைத் தொட்டி வழிதான். இதை நான் குத்திக்காட்டினால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஓட்டலுக்குப் புதிதாக ஒரு கட்டடம் எழும்பியது. முற்றத்தில் நீரூற்று வந்தது. நான்கு வருடமாக எங்கள் சம்பளம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பாத்திரம் தேய்க்கும் பெண் ஒருத்தி, எங்களுக்கெல்லாம் 'மைக்கு', அவள் பேச ஒலிபெருக்கி தேவைப்படாது. அவள்தான் போராட்டத்தை ஆரம்பித்தாள். கோஷம் போட்டால் யாரும் நின்று கேட்பதில்லை, வேடிக்கை காட்டினால் நிற்பார்கள் என்பது அவள் கணக்கு. கட்டட வேலையில் கழற்றிப்போட்ட பழைய கதவு ஒன்றை எங்கள் ஓட்டல் தச்சர் சட்டத்தோடு நிமிர்த்திக் கொடுத்தார். ஓட்டலுக்கு எதிர்ச்சாரி நடைபாதையில் அதை நிறுத்துவது. சுவர் இல்லை, கூரை இல்லை, வெறும் கதவு. பின்வாசலில் நுழைகிற நாங்கள் ஒவ்வொருவராக, வேலைச் சாமானோடு, அதன் வழியாக வருவது. எங்களுக்கு ஒருவர் கதவு திறந்து, குனிந்து வரவேற்பது.

அந்த ஒருவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"என் பொழைப்புல மண்ணைப் போடப் பார்க்கிறியா?" என்றார் இவர்.

"பத்தொன்பது வருஷமா ஊருக்கெல்லாம் தொறந்து விட்டீங்க. ஒரு நாள் எனக்குத் தொறந்தா கை தேஞ்சிடுமா?" என்றேன்.

சனிக்கிழமை இரவு வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு மாட்டிவைத்தார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல். அட்டைத் தொப்பியோடு இவர் கதவருகே நின்றார். தோட்டக்காரர் பூவாளியோடு வந்தார். இவர் கதவைத் திறந்து, குனிந்து, "வாங்க சார், வணக்கம்" என்றார். கிண்டல் இல்லாமல், மந்திரிக்குச் சொல்வது போலவே. தோட்டக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தச்சர், குழாய் வேலைக்காரர், அறை சுத்தம் செய்யும் பெண்கள் என்று வரிசையாக வந்தார்கள். "தெனம் பதினாறு கக்கூஸ் கழுவுறவங்க வர்றாங்க, வழி விடுங்க!" என்று மைக்கு முழங்கினாள். நடைபாதையில் போனவர்கள் நின்றார்கள், சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

கடைசியில் நான். பன்னிரண்டு பழைய விரிப்புகளை ஒன்றாகத் தைத்து, 'இந்தப் படுக்கையில் ஓர் இரவு வாடகை, எங்கள் வீட்டில் ஒரு மாதச் செலவு' என்று எழுதியிருந்தோம். கதவைத் தாண்டியதும் சாலையோரம் நீள விரிப்பது ஏற்பாடு. அந்த மூட்டையைத் தலைக்கு மேல் உயரும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். என் முகம் வெளியே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மூட்டையும், கீழே என் தேய்ந்த ரப்பர் செருப்பும்தான்.

இவர் கை குறுக்கே விழுந்தது.

"ஏய்! மூட்டைய தூக்கிட்டு இந்தப் பக்கமா வர்ற? யாரு விட்டது உன்னை? பின்பக்கமா போ!"

நான் போனேன்.

அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு நொடி நிற்கக்கூட இல்லை. கால் தானாகத் திரும்பியது. நாலா பக்கமும் திறந்த நடைபாதையில், சுவரே இல்லாத ஒரு கதவைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, பின்பக்கம் போய் நின்றேன். பின்பக்கம் என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை.

கூட்டம் ஆரவாரம் செய்தது. விசில் பறந்தது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. மூட்டைக்கு ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை. மைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, என்னா நடிப்பு! புருஷனும் பொண்டாட்டியும் சொல்லிவெச்சுப் பண்ணீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லையே! அடுத்த வாரமும் இதையேதான் பண்றோம்!"

அந்த வாரம் முழுக்க இவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை விட்டு வந்தால் எங்கள் ஒற்றை அறையின் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, நான் நுழைந்த பிறகு நுழைவார். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் என்ன விருந்தாளியா? ஒழுங்கா உள்ள போங்க" என்று கத்தினேன்.

"பழக்கம்டி. வாயில வந்துடுச்சு. நீன்னு தெரியல."

"நான்னு தெரிஞ்சா மட்டும்? வேற எவளோ ஒருத்தின்னா சொல்லலாமா?"

நியாயத்தைப் பேசிவிட்ட கர்வத்தில் நான் அன்று நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. அவர் வாய் அவரை மீறிப் பேசியது என்றால், என் கால்? அதை அவர் கேட்கவே இல்லை. கேட்டுவிடுவாரோ என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கு. போன வாரத்து வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்களே பாதி. நான் மூட்டையோடு வந்தபோது சிரிக்கத் தயாராக நின்றார்கள். இவர் கதவைத் திறக்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. அட்டைத் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கங்க. போன வாரம் நான் நடிக்கல" என்றார். "செருப்பைப் பார்த்தேன், வெரட்டிட்டேன். இவ என் சம்சாரம். எத்தனை வருஷமா எத்தனை பேரை இப்படி வெரட்டியிருக்கேன்னு எனக்கே தெரியல. வெக்கமா இருக்கு."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மைக்கு, தனக்குப் பழக்கமே இல்லாத சின்னக் குரலில் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, அப்போ நீங்க? நெஜமாவே சுத்திப் போனீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் இவர் பக்கத்தில் நான் நின்றிருப்பேன்.

"சேச்சே, நான் நடிச்சேன்மா" என்றேன். "இவரு சொன்னதும், சரி, வெளையாட்டுதானேன்னு போனேன்."

கூட்டம் லேசாகச் சிரித்தது. என் சாமர்த்தியத்தை யாரோ பாராட்டினார்கள். இவர் என் காலை ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, கதவை அகலத் திறந்து, எனக்காகக் குனிந்தார். நான் மூட்டையை இன்னும் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.