பாலத்துக்கு இந்தப் பக்கம்

கையில் காப்பு கட்டியிருக்கிறது. இன்று ஐந்தாவது நாள். இன்னும் நான்கு நாளைக்குத் தோட்டத்து வாசலில் இருக்கும் பாலத்தைத் தாண்டி நான் எங்கும் போக முடியாது. தானா ராத்தாவில் பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும், பிரிஞ்சாங்கில் மோட்டாருக்கு டயர் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்றும் நடக்காது. காலையில் தேயிலைக் கொழுந்து லோரியைத் தோட்டத்துக்குள்ளேயே ஓட்டி ஆலையில் இறக்கிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து சன்னலோரம் உட்கார்கிறேன். எதிரே மலை. விடாத மழை. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு வலிதான் மிச்சம். அதனால்தான் எழுதுகிறேன், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாரியம்மன் திருவிழா தொடங்கும் அன்று பூசாரி மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய நூலை மணிக்கட்டில் கட்டிவிடுவார். அதுதான் காப்பு. கட்டிக்கொண்டவர் ஒன்பது நாளும் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் தோட்டத்துக்கு எல்லை அந்தப் பாலம். இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்து, ஈப்போவிலிருந்து வரவழைத்த வேப்பிலையைக் கம்பியில் கட்டிவிடுவார்கள். இந்தக் குளிரில் அந்த வேப்பிலை ஒன்பது நாளும் வாடாது.

நான் இன்னொரு வேலையும் செய்கிறேன். சம்பளம் இல்லாத வேலை. வெள்ளம், மண்சரிவு என்று ஆட்கள் வீட்டை விட்டு வந்து டேவானில், அதாவது பொது மண்டபத்தில், பாய் விரித்துப் படுத்திருப்பார்கள் இல்லையா, அவர்களுக்குச் சோறும் போர்வையும் கொடுக்க வேறு குழுக்கள் வரும். எங்கள் குழு பக்கத்தில் உட்காரப் போகிறது. கேட்டால் சேர்ந்து சாமி கும்பிடுவோம். கேட்காவிட்டால் சும்மா இருப்போம். இதற்கு ஈப்போவில் இரண்டு வார இறுதியில் பயிற்சி கொடுத்தார்கள். கடவுளுக்காகப் பேசாதே, நடந்ததற்குக் காரணம் சொல்லாதே, நடக்கப்போவதற்கு வாக்குக் கொடுக்காதே, காதை மட்டும் கொண்டு போ. மொத்தப் பயிற்சியும் இவ்வளவுதான், மற்றதெல்லாம் தேத்தண்ணியும் கறிபாப்பும்.

"வீட்டுல நான் பேசுனா இவருக்குக் காது கேக்காது. ஊர்ல போயி காது குடுக்கறாராம் லா" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை. எனக்குப் பொறுமை குறைவு. முன்னால் போகும் வண்டி கொஞ்சம் தயங்கினாலே ஹாரன் அடிக்கிறவன் நான். இருந்தும் ஆறு வருடமாக அந்த மூன்று விதியையும் காப்பாற்றினேன். போன வருடம் மூன்றே நாளில் மூன்றையும் உடைத்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். சொந்த அக்கா இல்லை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கொழுந்து எடுப்பவர். கணவர் போய்ப் பல வருடமாயிற்று. ஒரே மகளைக் கம்போங் ராஜாவில் காய்கறி போடுகிற ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. போன வருடம் மூன்றாவது, ஏழாம் மாசம். இதாவது தங்கட்டும் என்றுதான் அக்கா காப்புக் கட்டினார். ஒன்பது நாளும் உப்பில்லாத சோறு, ஒருவேளை. நானும் கட்டியிருந்தேன். எனக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை. எல்லாரும் கை நீட்டினார்கள், நானும் நீட்டினேன்.

அன்று நாலாவது நாள். மூன்று நாளாக மழை. லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் விரிசல் விட்டிருப்பதைக் காலையில் யாரோ பார்த்தார்கள். பத்து மணிக்கு அதில் விரல் நுழைந்தது. பன்னிரண்டு மணிக்குக் கை நுழைந்தது. தீயணைப்பு வண்டி, நாங்கள் பொம்பா என்போம், அது வந்து எல்லாரும் உடனே தானா ராத்தா பள்ளிக்கூட டேவானுக்குப் போகணும் என்றது. அவர்கள் மேல் குறையே இல்லை. அந்த விரிசலைப் பார்த்த யாரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

காப்புக் கட்டியவர்கள் முப்பது பேருக்கு மேல். பாலத்தைத் தாண்டவா என்று தயங்கி நின்றார்கள். பூசாரி நல்ல மனுஷர். தன் காப்பை முதலில் அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தார். "உயிர் போற நேரத்துல அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. அவுத்து வச்சிட்டு ஏறுங்க" என்றார். எல்லாரும் அவிழ்த்தார்கள். பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு லோரிகள் இரண்டு தரம் போய் வந்தன. கடைசியில் பார்த்தால் அக்காவைக் காணவில்லை.

அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரிசல் சரியாக அவர் சமைக்கிற குசினிக்கு மேலே. பொம்பா ஆள், இளவயது மலாய்க்காரர், கெஞ்சிப் பார்த்து ஓய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அண்ணே என்று மலாயில் கூப்பிட்டு, "நீங்கதானே டேவானில் சமய ஆறுதல் சொல்ற ஆள். கடவுள் சரின்னு சொல்லிட்டார்னு இந்த அம்மாகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா வருவாங்க" என்றார். தப்பான எண்ணம் எதுவும் இல்லை அவருக்கு.

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பயிற்சியில் சொன்னபடி பேசாமல் இருந்தேன். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"லோரி போயிருச்சா தம்பி?"

"கடைசி லோரி பாலத்துல நிக்குதுக்கா. நமக்குத்தான்."

"நீங்க போங்க. நான் வரல."

"பூசாரியே அவுத்துட்டாருக்கா."

"அவரு அவருக்கு அவுத்தாரு. நான் வேண்டிக்கிட்டது பூசாரிகிட்டயா?"

அக்கா மணிக்கட்டை மறு கையால் பொத்தி வைத்திருந்தார். "இத நான் அவுத்து, அங்க மகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ முன்னால நிப்பேன்? மண்ணு விழுந்தா விழட்டும். எனக்கு வயசாயிருச்சு."

அப்போது குசினிக்குப் பின்னால் மண்கட்டிகள் உருண்டு சாக்கடைக் கானுக்குள் விழும் சத்தம் கேட்டது. பொம்பா ஆள் விசில் ஊதினார். எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து, அவர் கண் முன்னால் என் காப்பை அறுத்துக் கீழே போட்டேன்.

"பாருங்க. அறுத்துட்டேன். எனக்கு என்ன ஆயிருச்சு?"

சரி, இவன் நன்றாகத்தானே நிற்கிறான் என்று நினைத்து எழுந்து வருவார் என்பது என் கணக்கு. அக்கா என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"என்ன காரியம் தம்பி பண்ணிட்டீங்க. இப்ப உங்களுக்கு ஒரு காவலும் இல்லையே. எந்திரிங்க, ஓடுங்க. மலைக்கு அடியில நிக்காதீங்க."

"நீங்க வராம நான் போகல."

"புள்ளகுட்டிக்காரரு. போங்க."

"போகல."

நான் செய்தது என்ன என்று எனக்கு அப்போதே தெரியும். தனக்காகப் பயப்படாத ஒருவரை எனக்காகப் பயப்பட வைத்தேன். அக்காவின் தோளைப் பிடித்து வெளியே தள்ளியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, கைதான் படவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், அழுதார். பிறகு ஒரே வார்த்தை கேட்டார்.

"மகளுக்கு?"

நாக்கில் சனி உட்கார்ந்தது. "மகளுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நான் பொறுப்பு" என்றேன்.

அக்கா எழுந்தார். காப்பை அவிழ்க்கவில்லை. பாலத்துக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். கோயில் இருக்கும் பக்கம் பார்த்தபடியே, பின்னால் பின்னால் காலை வைத்து, பாலத்தை முழுக்க அப்படியே கடந்தார். அறுத்து வைத்த எலுமிச்சம்பழத்தை மிதிக்காமல் இருக்க நான்தான் வழி சொன்னேன். பொம்பா ஆள் எனக்கு நன்றி சொல்லிக் கை கொடுத்தார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

டேவானில் என் குடும்பத்துப் பாய்க்கும் அக்காவின் பாய்க்கும் நடுவே நான்கு பாய்கள். மூன்றாம் நாள் காலை அக்காவுக்குப் போன் வந்தது. மகளைக் கம்போங் ராஜாப் பக்கத்து வழியாகவே ஈப்போவுக்குக் கொண்டுபோனார்களாம். குழந்தை தங்கவில்லை. மகள் பிழைத்துக்கொண்டாள். எங்களிடமிருந்து கம்போங் ராஜா போகும் சாலையிலும், கீழே தாப்பா போகும் சாலையிலும் அன்று மண் விழுந்திருந்தது. மறுநாள்தான் வழி விடுவார்கள். அக்கா மகளிடம் போக முடியாமல் டேவானிலேயே கிடந்தார். நான் எங்கே போவேன், நானும் கிடந்தேன்.

எங்கள் குழுத் தலைவி போனில், "நீங்க அவங்க பக்கத்துல போக வேணாம். நான் வேற ஆள அனுப்பறேன்" என்றார். சாலை மூடிக்கிடக்கும்போது எந்த ஆள் வருவது? மத்தியானம் வரை தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். பிறகு போய் அவர் பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். காதை மட்டும் கொண்டு போக வேண்டியவன், போன உடனே வாயைத் திறந்தேன்.

"என்னாலதான்க்கா."

பக்கத்தில் பிள்ளைகள் பிஸ்கட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மணிக்கட்டில் காப்பு இன்னும் இருந்தது, மஞ்சள் போய் அழுக்காகியிருந்தது.

"உங்களாலதான்னு சொல்லிட்டா எனக்கு சுலபம் தம்பி. காலையிலேருந்து சொல்லிப் பாக்குறேன். வாய் வரல" என்றார்.

ஆறாம் நாள் எங்களைத் திரும்ப அனுப்பினார்கள். விரிசலில் சிமென்ட் ஊற்றி, தண்ணீர் வடியக் குழாய் சொருகினார்கள். பூசாரி அடுத்த மாதம் திருவிழாவைச் சுருக்கமாக முடித்தார். மலை விழவில்லை. இன்றுவரை விழவில்லை. தினமும் அதன் கீழேதான் லோரி ஓட்டுகிறேன். விழுந்திருந்தால் நான் ஓர் உயிரைக் காப்பாற்றியவன். அது விழவேண்டும் என்று ஒருநாள் லோரிக்குள் உட்கார்ந்து நினைத்துவிட்டேன். நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

காப்பை அவிழ்த்ததால் பிள்ளை போகுமா? போகாது என்று நூறு பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றும் ஆகாது என்று சொன்னவன் நான். எதை வைத்துச் சொன்னேன்?

போன வாரம் அக்கா வீட்டுக்கு வந்தார். மகளுக்கு மறுபடி ஐந்தாம் மாசம்.

"இந்த வருசம் காப்புக் கட்டுவீங்களா தம்பி?"

"இல்லக்கா. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

"கட்டுங்க. போன வருசம் எல்லாரும் அவுத்து அம்மா காலடியில வச்சாங்க. அறுத்து மண்ணுல போட்டது நீங்க ஒருத்தருதான். இந்த வருசம் கட்டிக்கிட்டு, என்ன ஆனாலும் அவுக்காதீங்க."

என் மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சரி என்றேன். பூசாரி என் கையில் கட்டும்போது அக்கா பக்கத்தில் நின்று முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் வருகிறார். "கையக் காட்டுங்க" என்பார். காட்டுவேன். பார்த்துவிட்டுப் போய்விடுவார். கீழே ஒரு கிராமத்தில், நாங்கள் கம்பம் என்போம், ஆறு பெருகி ஆட்கள் டேவானில் இருக்கிறார்கள் என்று குழுவில் முந்தாநாள் செய்தி வந்தது. வர முடியாது என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அங்கே யாரோ தனியாக உட்கார்ந்திருப்பார்கள். என்ன செய்வது, நான் பாலத்துக்கு இந்தப் பக்கம்.

இன்று காலையிலிருந்து மழை சற்றும் ஓயவில்லை. சரிவில் சொருகிய குழாயிலிருந்து செம்மண் தண்ணீர் வருகிறது. தினமும் அப்படி வருகிறதா, இன்றைக்குத்தானா, எனக்கு ஞாபகம் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்துவிட்டார். குடையை மடக்கி வாசலில் சாத்தினார். அவர் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினேன். அவர் கையைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்துருமா தம்பி?"

"தெரியலக்கா."

"மகளுக்கு?"

வாய் வரை வந்தது. கட்டியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தெரியலக்கா" என்றேன்.

அக்கா தலையாட்டினார். வழக்கம்போல் உடனே கிளம்பவில்லை. மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள், என் பக்கத்தில் உட்கார்ந்தார்.